ஆயுத பூஜைக்கு நிற்காத கம்ப்யூட்டர்

என் மகளின் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் என் மாப்பிள்ளை இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இந்த இடத்தை மட்டும் விழுங்கிவிடுகிறார்.

கம்பெனி ஏலத்தில் வந்த பழைய பெட்டிதான். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் வாங்கினோம். கடைக்காரர் அதற்குள் எதையோ ஏற்றி, பொத்தானை அமுக்கினால் திரையில் ஒரு ஏரியும் படகும் வருகிற மாதிரி செய்து கொடுத்திருந்தார். எங்கள் வீட்டு முன்னறையில், சாமி அலமாரிக்கு எதிரே மேஜை போட்டு வைத்தோம். மகள் அதில் கோடு இழுத்துப் பார்த்தாள், வட்டம் போட்டுப் பார்த்தாள். பேத்தி பிறந்த பிறகு அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை.

அவள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டிராயிங் வரைகிற வேலையில் இருந்தாள். குழந்தை பிறந்ததும் மாப்பிள்ளை, "இவ வேலைக்குப் போனா கொழந்தைய யாரு பாக்கறது?" என்றார். பார்ப்பதற்கு நான் அடுத்த தெருவிலேயே இருந்தேன். என்னைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. வேலை போயிற்று. கொஞ்ச நாளில் அவள் பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு பட்டறை முதலாளி வந்தார். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். அவருடைய வண்டியில் சரக்கு ஏற்றுகிறவர் அந்த முதலாளி. ஏதாவது மெஷினில் ஒரு பார்ட் தேய்ந்துபோனால் அதைக் கொண்டுவந்து கொடுப்பாராம். அளந்து, கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் போதும், அதைப் பார்த்து அவருடைய பட்டறையில் புதுசு செய்துகொள்வார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம். விஜயதசமி காலையில் முதல் பார்ட்டோடு வருவதாகச் சொன்னார்.

"நல்ல நாள்ல ஆரம்பிச்சிக்கலாம்மா. அன்னிக்கு ரெடியா இல்லன்னா சொல்லிடு, ஒண்ணும் தப்பில்ல. ஜிகணில ஒருத்தன் கேட்டுனே இருக்கறான்."

அதற்குத்தான் பெட்டி வாங்கினோம். விஷயம் அவ்வளவுதான். விஜயதசமி காலையில் அந்தத் திரை எரிய வேண்டும். எரிந்தால் என் மகளுக்கு வேலை. எரியாவிட்டால் எல்லைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தனுக்கு வேலை.

மாப்பிள்ளை ஒரு சனிக்கிழமை வந்து பெட்டியைப் பார்த்தார். பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஆபீஸ் அவருக்கு. கழுத்தில் ஆபீஸ் டேக் தொங்கிற்று. சனிக்கிழமை லீவு, ஆனாலும் தொங்கிற்று. மலைக்கோயிலுக்கு வந்தாலும் அதைக் கழற்ற மாட்டார். தீபாராதனை காட்டும்போது அது ஒரு பக்கம் மினுமினுக்கும். ஐயர் அதற்கும் சேர்த்து விபூதி கொடுப்பாரோ என்று நான் நினைத்துக்கொள்வேன்.

"இதுல கடைக்காரன் போட்டுக் குடுத்தது திருட்டுச் சரக்கு அத்தை. காசு குடுக்காம காப்பி அடிச்சது," என்றார்.

திருட்டுச் சரக்கு என்றால் விடலாமா? சாமிக்கு எதிரே இருக்கிற சாமான். அவர் சொன்னது உண்மைதான் என்று மகளும் சொன்னாள். "அப்படின்னா எடுத்துடுங்க மாப்பிள்ளை," என்றேன். அவர் சொன்னதில் நான் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

மகள் சொன்னாள்: "ஏங்க, திருட்டு இல்லாம இலவசமாவே நல்லது இருக்குது. ரெடியா வருது. சோறு வேகற நேரத்துல ஏத்திடலாம். வரையற சாப்ட்வேரும் அதுலயே சும்மா கெடைக்குது. அது போதும்ன்னு முதலாளியும் சொல்லிட்டாரு."

மாப்பிள்ளை சிரித்தார். எல்.கே.ஜி. பிள்ளை பேனா கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"ரெடியா வரத எவன் வேணாலும் போடுவான். நான் சோர்ஸ்ல இருந்து கட்டித் தரன்."

பிறகு என் பக்கம் திரும்பி விளக்கினார். "சாப்ட்வேர எழுதறவங்க அத எழுத்தா எழுதி வெச்சிருப்பாங்க அத்தை. யார் வேணாலும் எடுத்துக்கலாம். அந்த எழுத்த எறக்கி, நம்ம மெஷின்லயே ஒவ்வொண்ணா அரைச்சி, நம்ம மெஷினுக்குன்னே செஞ்சிக்கணும். கடை மாவுக்கும் வீட்ல அரைக்கற மாவுக்கும் வித்தியாசம் இல்லியா?"

மாவு அரைப்பதைப் பற்றி எனக்கு அவர் பாடம் எடுத்தார். கல்யாணமானதிலிருந்து எங்கள் வீட்டில் எத்தனை தோசை தின்றிருப்பார். ஒரு நாளாவது உளுந்து களைந்து கொடுத்திருக்கிறாரா, கிரைண்டரையாவது கழுவி வைத்திருக்கிறாரா? "நல்லாச் சொன்னீங்க மாப்பிள்ளை," என்றேன். வேறென்ன சொல்ல முடியும். மாமியார் வாய்க்கு எப்போதும் ஒரு பூட்டு உண்டு.

ஏரியும் படகும் போயின. கறுப்புத் திரை வந்தது. அதில் வெள்ளை எழுத்து ஓட ஆரம்பித்தது. ஓடிற்று, ஓடிற்று, ஓடிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை நாற்காலியில் காலை மடக்கிப்போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, அது தானாக ஓடுகிறது என்று மகள் எனக்குச் சொன்னாள். ஆனாலும் வேலை செய்கிற மனுஷனுக்கு வேண்டியதெல்லாம் அவருக்கு வேண்டியிருந்தது. டீ வேண்டும். முறுக்கு வேண்டும். முட்டை இருக்கிறதா என்றார், புரட்டாசிச் சனிக்கிழமையில். நான் பெருமாள் படத்தைப் பார்த்தேன். புரிந்துகொண்டு, "சரி, முறுக்கே போதும்," என்று எனக்கு விட்டுக்கொடுத்தார்.

நானும் மெஷின்களைப் பார்த்தவள்தான். எட்டாவதோடு படிப்பு நின்றது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் சேர்ந்து, கண் மங்குகிற வரைக்கும் ஒரு கம்பெனி லைனில் உட்கார்ந்து சின்னச் சின்னப் பாகங்களை ட்வீசரால் எடுத்துக் கோத்தேன். மெஷின் ஓடினால் எதிரே ஒரு சாமான் வந்து விழும். விழுந்ததை எண்ணித் தட்டில் அடுக்கலாம். இதில் என்ன விழுந்தது? எழுத்து மேலே போயிற்று, கீழே இன்னொரு எழுத்து வந்தது. எதிர்வீட்டுக் கன்னடக்காரப் பெண் தயிருக்கு உறை வாங்க வந்தவள் எட்டிப் பார்த்து, "ஆண்ட்டி, கம்ப்யூட்டர் கெட்டோய்த்தா?" என்றாள்.

"கெட்டுப் போகல. கம்பைல் ஆகுது," என்றார் மாப்பிள்ளை, பெருமையாக. அவர் சொன்ன அந்த அரைப்புக்குப் பேர் அதுவாம்.

"ஓ," என்றாள் அவள். வீட்டில் ஒரு கெட்ட சேதி என்று கேட்டவள் மாதிரி என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பெட்டி சூடாகிறது என்று பேத்தியின் தொட்டிலுக்குப் போட்டிருந்த மேஜை விசிறியை எடுத்துப் பெட்டிக்குத் திருப்பிவைத்தார். குழந்தைக்கு வியர்க்குமே என்றேன். "கொஞ்ச நேரந்தான் அத்தை," என்றார். திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பும்போதும் விசிறி அங்கேதான் இருந்தது. யாரும் தெரியாமல் அணைத்துவிடக் கூடாது என்று சுவிட்சின் மேல் டேப்பை ஒட்டிவிட்டுப் போனார். பஸ்ஸிலிருந்து போன் வரும். "ஓடுதா?" என்று கேட்பார். "ஓடுதுங்க," என்பாள் மகள். "சரி," என்று வைத்துவிடுவார். குழந்தை சாப்பிட்டதா என்று அந்த வாரம் அவர் கேட்டு என் காதில் விழவில்லை.

நடுவில் கரண்ட் போயிற்று. எங்கோ ஒன்று கோளாறாகி நின்றது. அவர் வந்து உச்சுக்கொட்டி மறுபடி ஓட விட்டார். நான் தினமும் அந்தப் பெட்டித் தெய்வத்தைச் சுற்றிப் பெருக்கினேன். சோறு வேகிற நேரத்தில் ஏற்றியிருக்கக்கூடிய இலவசச் சரக்கைப் பற்றி மகள் இரண்டாம் தடவை பேசவில்லை. போனில் எதையோ படித்துக்கொண்டே இருந்தாள். திரையில் எழுத்து நிற்கும்போதெல்லாம் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

ஒருவழியாக எல்லாம் அரைந்து முடிந்ததாம். வரைகிற சாப்ட்வேரும் சேர்த்து. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அது. மாப்பிள்ளை எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் வண்டி கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக் கையோடு வந்து நின்றார்.

"அத்தை, கற்பூரம் ஏத்திடலாமா?" என்று கிண்டலாகக் கேட்டு, ஏதோ ஒரு வார்த்தையை அடித்துத் தட்டினார்.

திரை ஒரு தடவை துடித்தது. பிறகு கறுத்தது. முன்பாவது எழுத்து இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அடுப்புக்கரி மாதிரி இருந்தது. அதில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன.

"வந்துடுச்சா?" என்றார் என் வீட்டுக்காரர், பாவம், நிஜமாகவே கேட்டார்.

மாப்பிள்ளை காதின் பின்னால் சொறிந்தார். மகள்தான் பேசினாள். "ஏங்க, பெட்டிய தொறந்தப்ப நான் பாத்தன். படம் காட்டற கார்டு வேற கம்பெனிதுங்க. நீங்க உங்க லேப்டாப்ல இருக்கற கார்டு பேரயே இதுலயும் எழுதிட்டீங்க போல."

"உனக்கென்ன தெரியும் இதப் பத்தி? நீ கொழந்தையப் பாரு."

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் போய்த் தூங்குகிற குழந்தையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை பெட்டியை மெல்லத் திறந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, மூடினார். தப்பு என்று சொன்னாரா? சொல்லவில்லை.

"கார்டு பேர மாத்திட்டன். எல்லாத்தயும் மொதல்ல இருந்து ஒரு தடவ கட்டிடறன். அப்பதான் சுத்தமா இருக்கும்," என்றார்.

"எல்லாத்தயுமா? கார்டுக்கு வேணுங்கறத மட்டும் கட்டினா போதாதாங்க? நாளன்னிக்கு காலைல அவர் வராரு."

"அரைகுறை வேலை எனக்குப் புடிக்காது. வரிசைல அதுவும் வரும்."

பல்பு மாற்றுவதற்கு வீட்டை இடித்துக் கட்டுகிறவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுபடி எழுத்து ஓட ஆரம்பித்தது. அவர் உண்ட களைப்பில் பாயில் சாய்ந்தார். மகள் அவர் குறட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து போனில் படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் ஊரில் அன்றைக்கு ரோட்டில் கால் வைக்க முடியாது, அவ்வளவு பூசணிக்காய் உடைந்து கிடக்கும். பஸ்ஸுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டியிருப்பார்கள். சிப்காட்டே துடைத்துவைத்த மாதிரி சத்தமில்லாமல் இருக்கும். நான் இருந்த லைனில் மெயின் சுவிட்சை இறக்குவார்கள். சுற்றுகிறதெல்லாம் நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைப்போம். அதற்குப் பிறகுதான் சந்தனம், குங்குமம். அவசர ஆர்டர், ஒரே ஒரு மெஷின் மட்டும் ஓடட்டும் என்று சூப்பர்வைசர் கெஞ்சின வருஷம் உண்டு. நாங்கள் கும்பிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். வருஷம் பூராவும் நமக்குச் சோறு போட்டதை ஒரு நாள் உட்காரவைத்துக் கும்பிடுகிறோம். ஓடவிட்டுக்கொண்டே கும்பிட்டால் அது கும்பிடா? அன்றைக்குக் கீழே வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடித்துத்தான் கையில் எடுப்போம்.

வீட்டில் எல்லாவற்றையும் கழுவி வைத்திருந்தேன். அரிவாள்மணை, கிரைண்டர், என் பழைய ட்வீசர், என் வீட்டுக்காரருடைய ஸ்பானர்கள், வாசலில் மாலை போட்ட வண்டி. மகள் பார்ட் அளக்கிற வெர்னியரையும் துடைத்துப் பூஜை மணையில் வைத்தேன். வேலையை விட்டதிலிருந்து அது பீரோவுக்குள் கிடந்தது. பொரி, கடலை, சுண்டல், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் தயார். சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றேன். எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. விசிறி இரைந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, பூஜை பண்ணணும். அத நிறுத்துங்க."

சோபாவில் இருந்தவர் தலையைத் தூக்கினார். "நிறுத்த முடியாது அத்தை. நடுவுல நிறுத்தினா எல்லாம் போச்சு. அது பாட்டுக்கு ஓடட்டும், நீங்க பாட்டுக்குப் பொட்டு வைங்க."

"ஓடறதுக்குப் பொட்டு வைக்க மாட்டன்ங்க."

"பிரிட்ஜுக்கு வெச்சீங்க? அது ஓடுதே."

"அதயும் நிறுத்தித்தான் வெச்சன். போய்ப் பாருங்க."

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை எழுந்துவந்தார்.

"சாமி வந்து கம்ப்யூட்டர் ஓடுதா நிக்குதான்னு பாக்கப் போவுதா அத்தை?"

"சாமி பாக்குதோ இல்லியோ, நான் பாக்கறன்ங்க. இது நிக்காம தீபாராதனை கெடையாது. தீபாராதனை ஆவாம யாருக்கும் சுண்டல் கெடையாது."

அவர் சுண்டல் பாத்திரத்தைப் பார்த்தார். காலையில் ஒரு டீதான் குடித்திருந்தார். அந்த முகத்தில் பசியும் படிப்பும் சண்டை போட்டதை நான் இன்றைக்கும் சந்தோஷமாக நினைத்துப் பார்ப்பேன். படிப்பு ஜெயித்தது, அதுவும் கேவலமாக ஜெயித்தது. கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"சரி, நிறுத்திடலாம். இன்னிக்குப் பூரா நின்னுடும். நாளைக்குக் காலைல திரை வராது. பட்டறைக்காரர் வந்து பாத்துட்டு ஜிகணிக்குப் போயிடுவாரு. அப்பறம் உங்க பொண்ணு வேலை என்னாலதான் போச்சுன்னு சொல்லக் கூடாது. உங்க பொட்டாலதான் போச்சு."

விரலில் எடுத்த சந்தனம் தரையில் சொட்டிற்று. ஏரியையும் படகையும் அழித்தவர், கார்டு பேரைத் தப்பாக எழுதியவர், பல்புக்கு வீட்டை இடித்தவர், கடைசியில் பழியைக் கொண்டுவந்து என் சந்தனக் கிண்ணத்தில் போட்டார். ஆனால் அவர் சொன்னது நிஜமாகிவிட்டால்? நான் பிடித்த பிடியால் மகள் மறுபடி அந்தப் பேசாத முகத்தோடு வீட்டுக்குள் அடைந்துவிட்டால்? சாமி அலமாரியைப் பார்த்தேன். என்னடா முருகா, என்னை இப்படி நிறுத்திவிட்டாயே என்று உள்ளுக்குள் கேட்டேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றிவிட்டது. பல வருஷம் விடாமல் வைத்த பொட்டு. வைக்காமல் விடுகிறேன், அவளுக்கு வேலை கிடைக்கட்டும் என்று வாய் திறக்கப் போனேன்.

மகள் குழந்தையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏய், தொடாத," என்றார் மாப்பிள்ளை.

"எல்லாம் போவாதுங்க. இந்த நேரத்துல அரையற ஒண்ணு மட்டுந்தான் போவும். முடிஞ்சதெல்லாம் முடிஞ்சதுதான். நேத்து நீங்க தூங்கறப்ப படிச்சன். செஞ்சவங்களே தெளிவா எழுதி வெச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"அது... தியரில அப்படித்தான். பிராக்டிகலா..."

அவள் இரண்டு விரலால் கீபோர்டில் இரண்டு பொத்தானை அமுக்கினாள். எழுத்து நின்றது. இன்னும் எதையோ அடித்தாள். திரை அணைந்தது. சுவிட்சின் மேலிருந்த டேப்பை நகத்தால் கிளப்பி உரித்து, சுவிட்சைத் தட்டினாள். விசிறியும் நின்றது. வீட்டில் எத்தனை நாளாகவோ இருந்த இரைச்சல் போய், பேத்தியின் கொலுசுச் சத்தம் கேட்டது.

"வைம்மா," என்றாள்.

பெட்டியின் நெற்றியில், பொத்தானுக்கு மேலே, சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். மல்லிகை ஒரு முழம் சாத்தினேன். கற்பூரம் காட்டும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கற்பூரப் புகை என்று சொல்லிக்கொண்டேன். மாப்பிள்ளை தொட்டு ஒற்றிக்கொண்ட கையாலேயே முதல் ஆளாகப் பொரியை அள்ளினார்.

அன்று முழுக்க அதை யாரும் தொடவில்லை. மகளும் தொடவில்லை. மேஜையைக் கடந்து போகும்போது மட்டும் ஒரு நிமிஷம் நின்று, மனசுக்குள் கணக்குப் போடுகிறவள் மாதிரி உதட்டை அசைத்துவிட்டுப் போவாள். மாப்பிள்ளை மறுநாள் காலை எழுந்து வந்து தானே ஓட விடுவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். "ஆனா முடிய சாயங்காலம் ஆவும்," என்று வாசலில் நின்று சொன்னார். ஜெயித்த குரல்.

விஜயதசமியன்று விடிந்ததும் மகள் ஈரத் தலையும் இடுப்பில் குழந்தையுமாக வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை எழுந்தாரா?"

"இல்லம்மா."

"எழுப்பணுமா?"

"வேணாம்மா. தூங்கட்டும்."

விளக்கேற்றி மறுபூஜை செய்தோம். மணையிலிருந்து வெர்னியரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு மேஜையில் வைத்தாள். பெட்டியிலிருந்து பூவை நானே எடுத்தேன். அவள் சுவிட்சைப் போட்டாள். மாப்பிள்ளை ஓடவிட்ட அந்தப் பெரிய வரிசையை அவள் தொடவே இல்லை. கார்டுக்கு வேண்டியதை மட்டும் கட்டு என்று சொன்னாளாம். எழுத்து ஓடிற்று. குழந்தைக்கு இட்லியை ஊட்டிக்கொண்டே முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குழந்தையும் இட்லி வாயோடு முகா முகா என்றது.

பட்டறை முதலாளி சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், கையில் நியூஸ்பேப்பரில் சுற்றிய பொட்டலம். தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், நடுநடுவே அவர் பாஷை வந்துவிடும். பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார். நடுவில் ஓட்டை போட்ட கனமான இரும்புத் துண்டு, ஓட்டையின் ஒரு பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"ஏமம்மா, இன்னும் எழுத்தே ஓடுது? படம் எப்ப வரும்?"

"இப்ப வந்துடுங்க சார்," என்றாள் மகள்.

நான் காபி கொடுத்தேன். சுண்டல் கொடுத்தேன். பொரியைக் கொடுத்தேன். காவேரிப்பட்டணத்தில் இருக்கிற அவருடைய மாந்தோப்பில் இந்த வருஷம் காய்ப்பு எப்படி என்று கேட்டேன். எனக்கு அவருடைய தோப்பைப் பற்றி என்ன அக்கறை? அவரும் பூ கொட்டினது, மழை பெய்தது என்று சொல்லிக்கொண்டே போனைப் பார்த்தார். பிறகு எழுந்துவிட்டார்.

"நல்ல நேரம் முடியப் போவுதும்மா. இன்னொரு தடவ பாத்துக்கலாம். இத நான் எடுத்துனு போறன்..."

அவர் கை இரும்பின் மேல் இருந்தது. எழுத்து நின்றது.

"சார், ஒரே நிமிஷம்," என்றாள் மகள். பெட்டியை ஒரு தடவை அணைத்து எழுப்பினாள். திரை கறுத்தது. முந்தாநாள் வந்த அதே கறுப்பு. பிறகு அந்தக் கறுப்பு கொஞ்சம் வெளுத்து சாம்பல் நிறமாயிற்று. நடுவில் சின்னதாக ஒரு அம்பு. கீழே ஒரு பட்டை. ஏரியும் இல்லை, படகும் இல்லை. இத்தனை நாள் அரைத்ததற்கு இதுவா? கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

"வந்துச்சா பாப்பா?" என்று மகளைக் கேட்டேன்.

"வந்துடுச்சும்மா."

அவள் கையை அசைத்தாள், அம்பும் அசைந்தது. எதையோ தட்டித் திறந்தாள். வெள்ளையாக ஒரு பக்கம் விரிந்தது. அதில் ஒரு வட்டம் போட்டாள். அந்த வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். முதலாளி இரும்பிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரைப் பக்கம் குனிந்தார்.

"பாகுந்தி, பாகுந்தி. நல்லாத்தான் இருக்குது. அந்த ஓட்டைய மொதல்ல அளந்துக்கோ. தேஞ்ச பக்கத்த வுட்டுட்டு எதிர்ப் பக்கம் எடு."

அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். தலை கலைந்திருந்தது, ஆனால் கழுத்தில் டேக் இருந்தது. விஜயதசமிக்கும் ஆபீஸ் லீவுதான். திரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கண்ணை மூடித் திறக்கிற நேரம் ஆகவில்லை, முகத்தை மாற்றிக்கொண்டார்.

"பாத்தீங்களா சார்? எல்லாம் சோர்ஸ்ல இருந்து கட்டினது. கடைல போட்டுக் குடுத்தா இந்த ஸ்பீடு வருமா?"

"ஓ, நீங்க பண்ணதா?" என்றார் முதலாளி மரியாதையாக.

எனக்கு நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. சுண்டல் கிண்ணத்தை எடுத்து முதலாளியிடம் மறுபடி நீட்டினேன். மகள் திரும்பாமலே சொன்னாள்:

"மொதல்ல அவர் கட்டினாருங்க சார். எரியல. அப்பறம் நான் பாத்துக்கிட்டன்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் மெஷினைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவோமே, அந்தக் குரல். முதலாளி இருவரையும் பார்த்து, "சரி சரி," என்று சுண்டலை வாயில் போட்டுக்கொண்டார்.

"ஏங்க," என்றாள் மகள் மறுபடி, வெர்னியரைக் கையில் எடுத்துக்கொண்டு. "கொழந்தையக் கொஞ்சம் புடிங்க. நான் அளக்கணும்."

பேத்தியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் ஏலத்தில் எடுத்த சாமான் மாதிரி பிடித்தார். அது உடனே டேக்கை இழுத்து, இட்லி ஒட்டின வாயில் போட்டுக் கடித்தது. வேண்டாம் என்று அவர் இழுக்க, அது விடவில்லை. எனக்கு அந்த மனுஷனின் மேல் கொஞ்சம் இரக்கம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை.

மேஜை விசிறியைப் பிடுங்கிக்கொண்டுபோய்த் தொட்டிலுக்குப் பக்கத்தில் திருப்பி வைத்தேன்.

"அத்தை, டிபன் ரெடியா?" என்றார் மாப்பிள்ளை பின்னாலிருந்து. "பசிக்குது."

மகள் இரும்பின் ஓட்டைக்குள் வெர்னியரின் மூக்கை விட்டு, கண்ணைச் சுருக்கிக் கோட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அவ அளந்து முடிக்கட்டுங்க மாப்பிள்ளை," என்றேன்.